சிலிக்கான் சுருங்காது

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் பொருளை வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அது குழாய்ச் சாமான் கடை. குழாய், அதை வளைக்கிற முழங்கை, வால்வு, வாஷர், பசை என்று கூரைவரை அடுக்கியிருக்கும். கவுண்டரில் நிற்பது நான். வருகிறவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒட்டறதுக்கு ஏதாவது குடுங்க" என்பார். எதை எதோடு ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டால், "அட, ஏதோ ஒண்ணு குடுங்கம்மா" என்பார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும்.

"மருந்துக் கடையில போய் ஏதோ ஒரு மாத்திரை குடுங்கன்னு கேப்பீங்களா?"

உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளி இருமுவார். வாயை அடக்கு என்று அர்த்தம். இத்தனை வருஷமாக அவர் இருமுகிறார், நான் பேசுகிறேன். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

ஏனென்றால் பசை விஷயத்தில் நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை. ஒட்டும் என்றால் ஒட்டும், ஒட்டாது என்றால் ஒட்டாது. கவுண்டரில் ஒரு கண்ணாடித் துண்டு வைத்திருப்பேன். அதில் சிலிக்கானைக் கோடாகப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த ஆள்காட்டி விரலால் ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டுவேன். அந்த விரலின் நுனியில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. டியூப்பின் மூக்கை வெட்டும்போது பிளேடு வழுக்கி விட்டுப்போன நினைவுப் பரிசு. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு என் பாட்டைப் பாடுவேன். பழசை முழுக்கச் சுரண்டணும். காய்ந்த சிலிக்கான் மேல் எதுவுமே ஒட்டாது, இன்னொரு சிலிக்கானும் ஒட்டாது. தண்ணீர் நிற்கிற பக்கம் அடைக்கணும், வெளியே பூசினால் சும்மா அழகுக்குத்தான்.

"காஞ்சப்புறம் இது சுருங்குமாங்க?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

"காஞ்ச சிலிக்கான் சுருங்காது. சுருங்கினா கொண்டுவந்து என் மூஞ்சியில வீசுங்க."

இதுவரை ஒருத்தரும் வீசியதில்லை.

என் தம்பிக்கு இதெல்லாம் பெரிய கூத்து. அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து போகிற வழியில் கடைக்கு வந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்று, குரலை மாற்றிக்கொண்டு, "ஏம்மா, ஒட்டறதுக்கு ஏதாவது குடுங்க" என்பான். நானும் ஒவ்வொரு தடவையும் ஏமாந்து, நிமிர்ந்து பார்க்காமலே திட்ட ஆரம்பித்துவிடுவேன். கடையே சிரிக்கும். சின்ன வயதிலிருந்து என்னைக் குச்சி என்றுதான் கூப்பிடுவான். நான் அப்படி. அவன் நேர்மாறு. அவன் விரல் ஒவ்வொன்றும் கேரட் கனத்துக்கு இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரம் சுண்டுவிரலில் பாதியோடு நின்றுவிட்டது.

அவன் மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான், நான் விற்கிற சரக்கில் பாதி விஷம் என்று எனக்குத் தெரிந்தது. தொட்டிக்கு அடியில் வைக்க ஒரு ஃபில்டர் பெட்டியைத் தானே செய்யப் போகிறேன் என்று வந்து நின்றான். கடையிலேயே ஒசத்தியான சிலிக்கான், குளியலறைக்குப் போடுகிற வெள்ளை டியூப், அதை எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு அவன் கவுண்டரில் தலையை முட்டிக்கொண்டான்.

"குச்சி, இதுல பூஞ்சணத்தைக் கொல்ற மருந்து இருக்கு. பூஞ்சணத்தைக் கொல்றது என் மீனை மட்டும் கொஞ்சுமா?"

"எனக்கென்னடா தெரியும், உன் மீன் குளியலறையில ஓதம் புடிச்சா கெடக்கு?"

அப்படிச் சண்டை போட்டபடியே இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். கண்ணாடியோடு கண்ணாடி சேர்க்க, மருந்து எதுவும் கலக்காத வெறும் சிலிக்கான். காயும்போது வினிகர் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் சுத்தமாகப் போகிறவரை தண்ணீர் விடக்கூடாது. பிளாஸ்டிக் குழாயில் சிலிக்கான் சும்மா உட்கார்ந்திருக்குமே தவிரப் பிடிக்காது. அதற்குக் குழாய்ப் பசை, அதுவும் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். திருகுகிற இடத்தில் பசையே வேண்டாம், வெள்ளை டேப்பை நாலு சுற்றுச் சுற்றினால் போதும். நான் பித்தளை வால்வு ஒன்றை எடுத்து வைத்தேன். செம்பு தண்ணீரில் இறங்கும், மீனுக்கு ஆகாது என்று அதையும் தள்ளிவிட்டான். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது கடையிலேயே யாரும் கேட்காத, தூசி படிந்த ஒரு டியூப். வாங்கும்போது பெண் பார்த்து முடித்த மாதிரி ஒரு சிரிப்பு.

பெட்டி செய்த நாளில் நானும் போயிருந்தேன். அவர்கள் வீட்டு ஹால் முழுக்கப் பழைய செய்தித்தாள். அவன் சிலிக்கான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தான். நானும் அவன் பொண்டாட்டியும் எடுபிடிகள். டேப்பை உரி, துணியை நனை, கண்ணாடியைப் பிடி, இங்கே இழு, அங்கே துடை என்று விரட்டினான். சிலிக்கான் சீக்கிரம் ஆடை கட்டிவிடும், அப்புறம் தொடக்கூடாது. அதனால் "பசை காயுது, பசை காயுது" என்று கத்திக்கொண்டே இருந்தான். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் பண்ணி ஏதோ சரக்குக் கணக்குக் கேட்க, நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவரோடும் சண்டை போட்டேன். வீடே சந்தைக்கடையாக இருந்தது.

பெட்டியை மாட்டியபோது ஒன்று சொன்னேன். தொட்டியின் அடி அழுக்கு முழுக்க வர வேண்டும் என்று, கீழே இறங்குகிற குழாயின் வாயை அவன் தொட்டியின் அடிவரை விட்டிருந்தான்.

"டேய், பெட்டி எங்கயாவது ஒழுகினா தொட்டித் தண்ணி பூரா இதுவழியா இறங்கிடும்டா."

"பெட்டி எதுக்கு ஒழுகப்போவுது? நீ குடுத்த சிலிக்கான்தானே?" என்றான்.

என் சரக்கை நானே குறை சொல்வேனா, குழாயைப் பிடித்துக் கொடுத்தேன்.

தொட்டியில் இருந்தது ஒரே மீன். சுண்டுவிரல் அளவில் வாங்கி வந்து, உள்ளங்கையை மீறி வளர்ந்துவிட்ட ஆரஞ்சு நிறப் பயல். பேர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, அடுத்தவர் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பான் என்பதால் தம்பி வைத்த பேர். வாசலில் தம்பியின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வந்து முன்பக்கக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொள்வான். "கட்டின பொண்டாட்டி எந்திரிச்சு வர்றதில்ல, இவன் வர்றான் பாரு" என்பான் தம்பி. அவன் பொண்டாட்டி தலையணையை வீசுவாள்.

அவளைக் குருவி என்று கூப்பிடுவான். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆஸ்பத்திரி ஒன்றில் போனை எடுத்து டாக்டரைப் பார்க்க நேரம் கொடுக்கிற வேலை. நான் ஊருக்கே கேட்கப் பேசினால், அவள் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காமல் பேசுவாள். இந்த ஜாடிக்கு இந்த மூடி என்று நினைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, "இப்ப ஏறிப் பாருங்க" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. லிஃப்ட் மேலே போய்ச் சேர்ந்து, ஏறினவர்கள் திரும்பி இறங்கி வந்து அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். மறுவாரம் கடைக்குப் போனேன். கூட்டத்தின் கடைசியில் யாரோ ஒரு ஆள், "ஒட்டறதுக்கு ஏதாவது குடுங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். யாரோ. பாவம் அந்த மனிதர், பசை கேட்டதற்கு ஒரு பொம்பளை கவுண்டரில் தலையைக் கவிழ்த்து அழுவாள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

குருவி தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு வந்து இரு என்று சொன்னேன், அதற்கும் வரவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், தொட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். தன் சாவியை அலமாரியில் வைத்துவிட்டு அவன் சாவிக்கொத்தைத்தான் கையில் வைத்திருந்தாள்.

"இந்தச் சத்தம் கேட்டா அவன் ஓடி வர்றான் அண்ணி. அவர்தான்னு நெனச்சுக்கிட்டு வர்றான். என்னைப் பாத்தப்புறமும் திரும்பிப் போகாம கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறான். இந்த வீட்ல அவருக்காகக் காத்திருக்கிறது நான் மட்டும் இல்லன்னு தோணுது. அது போதும் எனக்கு."

மீனுக்கு என்ன தெரியும், சத்தம் கேட்டால் தீனி வரும் என்று வருகிறது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். நான் நாக்கைக் கடிப்பதே அபூர்வம்.

வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் அவள் வீட்டில்தான் இருப்பேன். அப்படி ஒருநாள் தொட்டிக்குக் கீழே மர அலமாரியின் ஓரத்தில் ஈரம் கண்ணில் பட்டது. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஃபில்டர் பெட்டியின் பின்பக்க மூலையில், உள்ளேயிருக்கும் தடுப்புக் கண்ணாடிக்கும் பெட்டியின் வெளிச் சுவருக்கும் நடுவே இருக்கிற அந்த இடுக்கில், சிலிக்கான் கண்ணாடியை விட்டு லேசாக உரிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய விஷயமில்லை. மீனை வாளியில் விட்டு, பெட்டியைக் காலி செய்து, அந்த மூலையைச் சுத்தமாகச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதே டியூப்பில் புதுசாக ஒரு கோடு இழுத்துக் காயவிட்டால் தீர்ந்தது. கடையில் தினமும் பத்துப் பேருக்கு வாய் வலிக்கச் சொல்கிற வேலை.

"பிளேடு எடு" என்றேன்.

குருவி எடுக்கவில்லை. "எதைச் சுரண்டணும்?" என்றாள்.

"மூலையில இருக்கிற பழசைத்தான். பழசு இருந்தா புதுசு ஒட்டாது."

"அந்த மூலையில அவர் விரல் இருக்கு அண்ணி."

எனக்குப் புரியவில்லை. அவள் தரையில் மண்டியிட்டு, அலமாரிக்குள், பெட்டித் தண்ணீரில் கையை விட்டு, குழாய்க்குப் பின்னால் தடவி நிறுத்தினாள். சிலிக்கானை விரலால் இழுத்துக்கொண்டு வந்து முடித்த இடத்தில் ஒரு குழி இருக்கிறதாம். ரேகைகூடக் கைக்குத் தட்டுப்படுகிறதாம். அவன் போன பிறகு ஒருநாள் தீனிக் கரண்டி உள்ளே விழுந்து, தேடும்போது கண்டுபிடித்தாளாம். அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அந்தக் குழியில் தன் விரலைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் போகிறாள்.

"அவர் சட்டையில வாசனை போயிடுச்சு. போட்டோவைத் தொட்டா கண்ணாடிதான். இது ஒண்ணுதான் அண்ணி, அவர் தொட்ட மாதிரியே இருக்கு."

கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் கத்தத்தான் வரும்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இன்னிக்கு சொட்டுது, நாளைக்குப் புட்டுக்கும். தண்ணி பூரா தரைக்கு வந்துடும். மேனேஜர் செத்துருவான்டி!"

"தெரியுது அண்ணி."

"தெரிஞ்சும் வேணாங்கறியா?"

"சுரண்டாம ஏதாவது பண்ண முடியாதா? உங்களுக்குத் தெரியாத பசையா?"

கடைக்கு வருகிற எவனோ கேட்டிருந்தால் துரத்தியிருப்பேன். அவள் என் காலடியில் உட்கார்ந்து, அலமாரிக்குள் விட்ட கையை எடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை நனைந்திருந்தது. நானும் எட்டி அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். தொட்டால் உடைந்துவிடுவேன் என்று பயந்து தொடவில்லை. அவளுக்குப் புருஷன் என்றால் எனக்குத் தம்பி. அவன் விரலை என் கையாலேயே பிளேடு போட்டு எடுத்துக் குப்பையில் போட எனக்கு மட்டும் மனசு வருமா? வரவில்லை. அவள் கெஞ்சினாள் என்பது ஒரு பாதிதான். மறுபாதி நான்.

வெளிப்பக்கமாகப் பூசினேன். தண்ணீர் இல்லாத பக்கம். பெட்டியை அலமாரியிலிருந்து எடுக்காமலே காலி செய்து, வெளிக் கண்ணாடியைத் துடைத்து, அந்த மூலையின் வெளிப்புறம் மேலிருந்து கீழ்வரை, மருந்து கலக்காத அதே டியூப்பிலிருந்து கனமாக ஒரு கோடு இழுத்தேன். உள்ளேயிருந்து பிதுங்கிக் காய்ந்திருந்த பழசின் மேலும் அது ஏறி உட்கார்ந்தது. வினிகர் நாற்றம் போகிறவரை மேனேஜரை வாளியில் வைத்துக் காற்றுக் குழாய் போட்டுவிட்டோம். வாளியிலும் பயல் மேற்பார்வையை விடவில்லை.

"தாங்குமா அண்ணி?"

"கொஞ்ச நாளைக்குத் தாங்கும்" என்றேன். "நடுவுல நான் ஏதாவது வழி பண்றேன். கண்ணாடி வெட்டறவர்கிட்ட அந்த மூலையோட சேத்து அறுத்துத் தரச் சொல்றேன். பெட்டியைப் புதுசா செஞ்சுக்கலாம்."

உண்மையாகவே செய்யத்தான் நினைத்தேன். கண்ணாடி வெட்டுகிறவரைப் போய்ப் பார்த்தும் விட்டேன். வேலை அதிகம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். ஒவ்வொரு சாயங்காலமும் போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஈரமில்லை. குருவி லேசாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். "உங்க பாட்டு தப்பு அண்ணி, ஒட்டிடுச்சு பாருங்க" என்றாள். ஒட்டாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒட்டிவிட்டதோ என்று நானும் ஆசைப்பட்டேன். ஆசைக்கு என்ன, அது சிலிக்கானை விட மோசம், எதன் மேல் வேண்டுமானாலும் ஒட்டும்.

அவள் போன் வந்தபோது கடையில் கூட்டம். எடுத்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசுவது எப்போதுமே கேட்காது, அதனால், "சத்தமாப் பேசு" என்று எரிந்து விழுந்தேன்.

"சாவியைத் திருப்பினேன் அண்ணி. அவன் வரல."

கவுண்டரில் சிலிக்கான் துப்பாக்கியைப் போட்டது போட்டபடி ஓடினேன். முதலாளி இருமவில்லை.

வெளிப்பூச்சு முழு நீளத்துக்கும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்கக் கணுக்கால் நனைகிற தண்ணீர். தொட்டியில் கூழாங்கல்லை மூடுகிற அளவுக்குத்தான் மிச்சம். அடிவரை இறங்கியிருந்த அந்தக் குழாய் உறிஞ்ச முடிந்ததையெல்லாம் உறிஞ்சி இறக்கிவிட்டது. மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். முன்பக்கக் கண்ணாடியில், கதவைப் பார்த்தபடி. எத்தனை நேரம் துடித்தானோ, கூழாங்கற்கள் அவனைச் சுற்றி விலகிக் கிடந்தன. குருவி செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தச் சாவிக்கொத்து.

"நான் கொன்னுட்டேன்" என்றாள்.

"வாயை மூடு. கடையில நிக்கிறது நான். தெரிஞ்சே பூசினது நான்."

"நான்தானே வேணாம்னேன்."

"நீ வேணாம்னா நான் கேட்டுக்கறதா? நாளைக்கு நீ விஷத்தைக் குடிக்கறேன்னா ஊத்திக் குடுப்பேனா?"

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். அவன் இறந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு இன்னொரு துணை மிச்சம் இருந்தது. இப்போது வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பால்கனியில் இருந்த பெரிய பூந்தொட்டியில் மேனேஜரைப் புதைத்தோம். தரையைத் துடைத்தோம். வாளி வாளியாக எடுத்துக் கொட்டினோம். எல்லாம் முடிந்தபின் குருவி ஃபில்டர் பெட்டியைக் காட்டி, "இதை எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி. எனக்குப் பாக்க முடியல" என்றாள். அப்புறம், இல்லாததைக் கேட்கிற மாதிரி, "அந்த மூலையை மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமா? கிழியாம?" என்றாள்.

பெட்டியை வெளியே இழுத்தேன். செய்த நாளுக்குப் பிறகு அது வெளிச்சத்துக்கு வந்தது அன்றுதான். பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், வெயில் விழுகிற பக்கம் திருப்பி வைத்தேன். குருவி உள்ளே தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புது பிளேடை எடுத்து, கண்ணாடியை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினேன். மூச்சுக்கூட விடவில்லை. ரிப்பன் மாதிரி முழுசாக வந்தது. பாசியைத் தண்ணீரில் அலசினேன். நுனியில், இழுப்பு முடிந்த இடத்தில் குழி. ரேகை அச்சடித்த மாதிரி இருந்தது.

சின்னக் குழி. கேரட் விரல் பதிந்தால் இந்த அளவா இருக்கும்?

ரேகைகளுக்குக் குறுக்கே, சாய்வாக, மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

என் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் அதில் வைத்தேன். தழும்பு தழும்பில் போய் உட்கார்ந்தது.

அப்போதுதான் எல்லாம் காதில் விழுந்தது. தோளில் இடுக்கிய போனில் முதலாளி கணக்குக் கேட்கிறார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன். தம்பி கத்துகிறான். "குச்சி, இந்த இடுக்குல என் கை போக மாட்டேங்குது. உன் விரலை விட்டு ஒரு இழு இழு. சீக்கிரம், பசை காயுது!" நான் பேச்சை நிறுத்தாமலே விரலை நனைத்து, விட்டு, இழுத்து, எடுத்துத் துடைத்துக்கொண்டேன். கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவை இழுக்கிற விரல். அது இழுத்த எந்தக் கோட்டை அது ஞாபகம் வைத்திருக்கிறது?

என் விரல். இவள் தினமும் காலையில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் கைவிட்டு, புருஷன் கை என்று பிடித்துக்கொண்டிருந்தது என் விரலை. என் விரலைக் காப்பாற்றத்தான் அந்த மீனைச் சாகவிட்டோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் அன்றைக்கு எட்டித் தொட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சிரித்திருப்போம். பிளேடை எடுத்துச் சுரண்டித் தள்ளியிருப்பேன். மேனேஜர் இப்போது கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு எங்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பான். அடப்பாவி, சாகும்போதுகூட உன் விரலை எங்கேயும் வைக்காமல் போய்விட்டாயே என்று தம்பி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவன் மேல் கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று.

"வந்துடுச்சா அண்ணி?"

குருவி பின்னால் நின்றிருந்தாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். வேறு என்ன செய்ய? விரலை மடக்கி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளிச்சத்தில் அவளும் இப்போதுதான் அதைப் பார்க்கிறாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"குறுக்கால இது என்ன கோடு?"

"பிளேடு பட்டிருக்கும். எடுக்கும்போது."

"பரவால்ல அண்ணி."

பிறகு தன் விரலை வைத்துப் பார்த்தாள். தண்ணீருக்குள், இருட்டில், தடவிப் பழகிய இடம். அவள் விரலே அதில் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. நெற்றியைச் சுருக்கினாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகம் ஏறுவதைப் பார்த்தேன். அது முழுசாக ஏறிவிட்டால் அப்புறம் அவளிடம் ஒன்றுமே இருக்காது.

"அவர் விரல் எவ்ளோ பெருசு... இது ஏன் அண்ணி இத்துணூண்டு இருக்கு? இவ்ளோ நாள் தண்ணியிலயே கெடந்து சுருங்கிடுச்சா?"

"ஆமாம்மா" என்றேன். "சிலிக்கான் நாளாக நாளாகச் சுருங்கும்."

அவள் தலையாட்டிக்கொண்டு, அதைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். பசை விஷயத்தில் நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.